தலையாட்டக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம்

சிறப்பாசிரியர் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் பேசச் சொல்லிப் போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க வேலை பார்த்த ஸ்கூல் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள். அதை மூடிப் பல வருஷம் ஆச்சும்மா என்றேன். உடனே உச்சுக்கொட்டினாள். நல்ல பிள்ளைதான், இரக்கப்பட்டுத்தான் கொட்டினாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பள்ளிக்கூடத்துக்காக யாரும் இழவு கேட்கத் துட்டி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது ஜெயித்த பள்ளிக்கூடம். மூடின பிறகு ஜெயித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதை அங்கேயே சொல்லியிருப்பேன், சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று நடந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. முன்பு பஞ்சு குடோனாக இருந்த கட்டடம். தெலுங்கு பேசும் ஒரு பஞ்சு வியாபாரி, தன் பேத்திக்குக் காது கேட்காது என்று தெரிந்த வருஷம், குடோனைக் காலி செய்து கொடுத்தாராம். எது கேட்டாலும் "சரேலே", அதாவது சரி சரி, என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன். கீழே அடுக்களையும் தையல் வகுப்பும். மாடியில் பலகைத் தளம். அந்தப் பலகைத் தளத்தில்தான் வகுப்புகள் நடந்தன.

என் பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண ஆசிரியர் பயிற்சி முடித்து, மெட்ராஸில் ஒரு வருஷம் இதற்கென்று தனியாகப் படித்து, சான்றிதழோடு வந்து இறங்கினேன். முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. வாசலில் தலைமையாசிரியை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, "சார், உங்க முதுகு பேசுமா?" என்று கேட்டார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் என் சட்டை முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸில் ஒரு வருஷம் படித்ததைவிட அந்த ஒரு கேள்வியில் அதிகம் படித்தேன்.

அவர் பெயர் பாக்கியம். எல்லோருக்கும் 'பெரிய டீச்சர்'. ஆள் குள்ளம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, நெற்றியில் ஒன்றும் கிடையாது, கையில் பிரம்பும் கிடையாது. வகுப்புக்குள் வந்ததும் குதிகாலால் பலகைத் தளத்தில் ஒரு மிதி மிதிப்பார். அந்த அதிர்வு பலகை வழியாக ஓடிப் பிள்ளைகளின் காலில் போய்த் தொடும். எல்லாத் தலையும் திரும்பும். கடைசிப் பிள்ளையின் கண்ணும் தன் முகத்துக்கு வந்து சேர்கிறவரை வாயைத் திறக்க மாட்டார். அது எவ்வளவு நேரமானாலும் சரி. "கண்ணு வராம வார்த்தை போகாது சார்" என்பார்.

பேச்சுப் பாடம் என்று ஒன்று தினமும் நடக்கும். இப்போதைய பிள்ளைகள் கம்ப்யூட்டர் திரையில் செய்வதை நாங்கள் காகிதக் கீற்றில் செய்தோம். பழைய பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். 'ப' சொன்னால் கீற்று துள்ளும். 'ம' சொன்னால் துள்ளாது. அதற்குப் பிள்ளையின் விரலை எடுத்து நம் மூக்குத் தண்டில் வைத்து, அங்கே வரும் அதிர்வைக் காட்ட வேண்டும். பிறகு அதே விரலை அதன் மூக்கில் வைத்துச் சொல்ல வைக்க வேண்டும். 'க'வுக்குத் தொண்டையில் கை. கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்து உட்கார்ந்து நாக்கு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஒரு பிள்ளை 'அம்மா' என்று சொல்லி முடிக்க மாசக்கணக்கு ஆகும். சொன்ன அன்று அந்த அம்மாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைப்போம். அந்த அழுகையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நானும் அழுதிருக்கிறேன், அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்தில் வகுப்புக்குள் கைச்சாடை கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. கையை ஓட விட்டால் வாயில் பேச்சு வராது என்று நம்பினார்கள். ஒரு தடவை பார்வையிட வந்த அதிகாரி, முற்றத்தில் பிள்ளைகள் கைகளால் படபடவென்று பேசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "கையைக் கட்டச் சொல்லுங்கம்மா" என்று நெடுநேரம் பேசினார். பெரிய டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஜீப் போனதும் என்னிடம், "அவிய பேசி முடிச்சிட்டாவ. வாங்க, நாம நம்ம வேலையைப் பாப்போம்" என்றார். வகுப்பில் வாய், முற்றத்தில் கை. அதுதான் எங்கள் சட்டம்.

இனி அந்தத் தலையாட்டல் கதைக்கு வருகிறேன்.

சோழபுரத்துப் பையன் ஒருவன் எங்களிடம் படித்தான். சங்கரபாண்டி. ஒரு நாள் சாக்பீஸ் வாங்கக் கடைக்கு அனுப்பினோம். கடைக்காரர் ஏதோ கேட்டிருக்கிறார். இவன் உதட்டைப் படிப்பதற்காக அவர் வாயையே கண் கொட்டாமல் பார்த்திருக்கிறான். காது கேளாத பிள்ளை அப்படித்தான் பார்க்கும். அவருக்கு அது முறைப்பதாகத் தெரிந்திருக்கிறது. ஓங்கி ஒரு அறை. பையன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து வந்து நின்றான்.

நான் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினேன். பெரிய டீச்சர் என்னைத் தடுத்தார். "இந்த ஒரு கடைக்காரனை அடக்கிருவீங்க சார். நாளைக்கு பஸ் கண்டக்டர், நாளன்னைக்கு மில்லு மேஸ்திரி? எல்லார்கிட்டயும் நீங்க போவீங்களா?" என்றார். அன்று இரவெல்லாம் யோசித்திருப்பார் போலிருக்கிறது. மறுநாள் புதுப் பாடம் ஒன்று ஆரம்பித்தது.

பாடம் இதுதான். யாராவது பேசினால் முகத்தைப் பார். நான் உங்களைத்தான் கவனிக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கு அடையாளமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இரு. அவர் வாய் மூடி, கை இறங்கி, உன் பதிலுக்காக உன்னைப் பார்க்கும்போதுதான் பதில் சொல். வெள்ளிக்கிழமை மத்தியானம் தோறும் இதற்கு ஒத்திகை. பெரிய டீச்சரே கரிக்கட்டையால் மீசை வரைந்துகொண்டு கடைக்காரராக வருவார், கண்டக்டராக வருவார், கன்னாபின்னாவென்று திட்டுவார். பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அவர் முடிக்கும் முன்னால் எவனாவது பதில் சொல்லிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டாலும் முதலிலிருந்துதான்.

ஊரில் பிள்ளைகளுக்குப் பேர் வந்துவிட்டது. "எம்புட்டு மரியாதையான பிள்ளைக!" என்று கடைவீதியே சொன்னது. பேண்டேஜ் துணி மடிக்கிற இடத்திலும், லேத் பட்டறையிலும், தையல் கடையிலும் எங்கள் பிள்ளைகளைத் தேடி வந்து வேலைக்கு எடுத்தார்கள். சங்கரபாண்டி, கருகின மோட்டாருக்குப் புதுக்கம்பி சுற்றிக் 'காயில்' கட்டுகிற கடையில் சேர்ந்தான். விரல் அப்படி ஓடும் அவனுக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் மூடியது. பஞ்சு வியாபாரி காலமாகிவிட்டார், கட்டடம் கைமாறியது, பிள்ளைகளை ஹாஸ்டல் உள்ள பெரிய ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு கோடை விடுமுறைக்குச் சாத்திய கதவை ஜூன் மாதம் திறக்கவில்லை. பெரிய டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நானும் அதே ஊரில் ஒரு சாதாரணப் பள்ளியில் கணக்கு வாத்தியாரானேன். முதுகைக் காட்டிப் பாடம் நடத்தலாம், பிள்ளைகளுக்குக் கேட்கும். ஆனாலும் எனக்குப் பழக்கம் விடவில்லை.

பழைய மாணவர்கள் மட்டும் கலையவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் கூடுவார்கள். வத்திராயிருப்பிலிருந்தும் சோழபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். கல்யாணம், வேலை, வீட்டுச் சண்டை எல்லாம் அங்கேதான் பேசித் தீரும். தேரின் நிழலில் அத்தனை பேர் நின்று பேசுவார்கள், பக்கத்துப் பூக்கடைக்காரிக்கு ஒரு சத்தமும் கேட்காது. "உங்க பிள்ளைக மாதிரி நல்ல கூட்டம் நான் பாத்ததில்ல சார்" என்பாள் அவள்.

பள்ளி மூடி இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபராணி என்னைத் தேடி ஓடி வந்தாள். எங்கள் பழைய மாணவி, பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். வந்த வேகத்தில் அவள் கை முந்தி முந்தி ஓடியது. அதனால் இரண்டு தடவை சொல்லச் சொல்லிப் புரிந்துகொண்டேன். சங்கரபாண்டியைத் திருட்டுக் கேஸில் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

நடந்தது இது. சோழபுரத்தில் வேலுச்சாமி என்கிற சம்சாரியின் தோட்டத்துக் கிணற்றடியிலிருந்து ஒரு மோட்டார் காணாமல் போயிருக்கிறது. அது சங்கரபாண்டி வேலை பார்த்த கடையில், பாதி பிரித்த நிலையில், அவன் மடிக்கு முன்னாலேயே கிடைத்திருக்கிறது. கடை முதலாளி ஊரில் இல்லை. திரும்பி வந்ததும், வம்பு எதற்கு என்று பயந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். பையனோ அதே சோழபுரத்துக்காரன். அதுவே போதுமானதாகப் போய்விட்டது.

அரசாங்கச் செலவில் அவனுக்கு அமர்த்திய வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இளவயசுக்காரர். "சார், கேஸ் கஷ்டம். கிராம நிர்வாக அதிகாரி முன்னால ஒத்துக்கிட்டானாமே" என்றார்.

"அவனுக்குத்தான் காது கேட்காதே. எப்படி ஒத்துக்கிட்டான்?"

"ஒவ்வொண்ணா சைகையில கேட்டிருக்காங்க. கேட்ட எல்லாத்துக்கும் தலையாட்டினானாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே அதன் விபரீதம் புரிந்தது. எந்தத் தலையாட்டல் அவனுக்கு ஊரில் நல்ல பேர் வாங்கிக் கொடுத்ததோ, அதுவே இப்போது ஜெயிலுக்கு அனுப்பப் போகிறது. கோர்ட்டில் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா' என்று கேட்பார்கள். அங்கேயும் மரியாதையாகத் தலையாட்டுவான். கதை முடிந்துவிடும்.

நேரே பெரிய டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முட்டிவலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், கேட்டு முடித்ததும் எழுந்து புடவைக்குக் கஞ்சி காய்ச்சப் போனார். அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "நாமதானே பழக்குனோம் சார். நாமதான் போய்ச் சொல்லணும். வாரேன். தேரடிப் பிள்ளைகளுக்கும் தாக்கல் சொல்லுங்க."

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். அன்று வராந்தா முழுக்க எங்கள் ஆட்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குளித்து, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். இவ்வளவு கூட்டம், ஒரு சத்தமில்லை. பேர் கூப்பிடுகிற டவாலி வந்து வழக்கம்போல "சத்தம் போடாதீங்க" என்று அதட்டிவிட்டு, அவரே குழம்பிப்போய் நின்றார்.

கூண்டில் சங்கரபாண்டியைப் பார்த்தேன். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. பெரிய டீச்சரைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி நேராக நின்றான்.

கிராம நிர்வாக அதிகாரி சாட்சி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, பொய்யும் சொல்லவில்லை. "மோட்டாரைக் காட்டி, 'நீ எடுத்தியா?'ன்னு கேட்டேன், தலையாட்டினான். 'கிணத்தடியிலயா?'ன்னு கேட்டேன், தலையாட்டினான்" என்றார்.

அடுத்து, அவன் சைகையை எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்கச் சத்தியம் வாங்கும் முன்பே நான், "அய்யா, அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம்னு அர்த்தம் இல்லை. அது எங்க பள்ளிக்கூடத்துப் பழக்கம்" என்று ஆரம்பித்து விளக்கிச் சொன்னேன். அரசு வக்கீல் விடுவாரா? "வாத்தியார் தன் பையனைக் காப்பாத்தப் பாக்கிறார். இப்ப சைகையில என்ன சொல்லிக்கொடுப்பார்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

நடுவர் கறாரான மனிதர், வேகமாகப் பேசுகிறவர். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்க சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க. அந்த அம்மாவும். நானே கேக்கிறேன்."

நானும் பெரிய டீச்சரும் சுவரைப் பார்த்து நின்றோம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு மாணவனுக்கு முதுகைக் காட்டி நின்றார். அதற்குப் பிறகு நடந்ததை நான் காதால் கேட்டேன், மீதியை வக்கீல் பின்னால் சொன்னார்.

நடுவர் மேலே சுழன்ற ஃபேனைக் காட்டி, "இந்த ஃபேனைத் திருடினது நீதானே?" என்று கேட்டார். சங்கரபாண்டி தலையாட்டினான். "என் மேசையைத் தூக்கிட்டுப் போனதும் நீதான்?" தலையாட்டினான். அரசு வக்கீலைச் சுட்டி, "இவரைப் பிடிச்சுக் கிணத்துல தள்ளினது?" அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினான். கோர்ட்டில் சிரிப்பு வெடித்தது. அரசு வக்கீலும் சிரித்துவிட்டார்.

சுவரைப் பார்த்தபடியே பெரிய டீச்சர் குரல் கொடுத்தார். "அய்யா, நீங்க இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கீங்க. வாயை மூடி, கையைக் கீழ போட்டு, செத்த நேரம் அவன் மூஞ்சியையே பாருங்க."

நடுவரைப் பார்த்து வாயை மூடச் சொன்ன ஆள் அந்தக் கோர்ட்டில் அதுவரை இருந்திருக்க மாட்டார். ஆனால் நடுவர் அப்படியே செய்தார். சிரிப்பு அடங்கியது. ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சங்கரபாண்டி அவர் கை மேசையில் இறங்குகிறவரை பார்த்திருந்தான். இறங்கியதும் தலையைப் பலமாக இரண்டு பக்கமும் அசைத்து, இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்தும் சொன்னான்: "இ...ல்...லே."

இத்தனை நாளில் அவனிடம் கேள்வி கேட்ட அத்தனை பேரில் பதிலுக்காக வாயை மூடிய முதல் ஆள் அந்த நடுவர்தான்.

அவர் அதோடு விடவில்லை. வராந்தாவிலிருந்து யாராவது மூன்று பேரை டவாலியே பொறுக்கிக்கொண்டு வரட்டும் என்றார். ஜெபராணியும் இன்னும் இருவரும் வந்து நின்றார்கள். "இந்தக் கோர்ட்டுக்குத் தீ வச்சது நீங்கதானே?" மூன்று தலையும் ஒன்றாக ஆடின. நடுவர் வாயை மூடினார். மூன்று பேரும் ஒன்றாகப் பதறி மறுத்தார்கள். ஜெபராணி கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள்.

நடுவர் கிராம நிர்வாக அதிகாரி பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டுட்டுக் காத்திருந்தீங்களா?"

அவர் முகம் செத்துப்போயிருந்தது. "இல்லய்யா. தலையாட்டுனதும் எழுதிட்டோம்."

அதற்குப் பிறகுதான் எங்களைத் திரும்பச் சொல்லி, சங்கரபாண்டியிடம் முறையாகக் கேட்கச் சொன்னார்கள். அவன் கைகள் ஓடின, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அவன் சொன்னது இது: இரண்டு பேர் சைக்கிளில் மோட்டாரைக் கொண்டுவந்து காயில் கட்டச் சொன்னார்கள். ஒருவனுக்கு முன்பல் உடைந்திருக்கும், காதில் கடுக்கன். கருகிப்போன மோட்டார். அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவனைப் பிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான். யாரும் ஒரு தடவை பொறுமையாகக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான். அந்த உடைந்த பல்காரன் பிறகு சீக்கிரமே பிடிபட்டான்.

கூட்டத்தில் இருந்த வேலுச்சாமி எழுந்து மேசைப் பக்கம் வந்துவிட்டார். "சாமி, என் மோட்டார் கருகித்தான் கிடந்துச்சு. அது அந்தக் களவாணிக்குத் தெரியல. இந்தா பாருங்க, உள்ள புதுக்கம்பி கட்டியிருக்கான். திருடுன பய புதுக்கம்பி கட்டுவானா?" சாட்சிப் பொருளாக அட்டை கட்டி மேசைமேல் வைத்திருந்த மோட்டாருக்குள் அதுவரை யாருமே எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. சங்கரபாண்டி குற்றமற்றவன், மோட்டாரை உடையவரிடம் கொடுக்க வேண்டும். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவனிடம் கேளுங்கள் என்றார் நடுவர். கேட்டேன். அழுவான், கும்பிடுவான் என்று நினைத்தேன். அவன் மேசைமேல் இருந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையால் சொன்னான். நான் சத்தமாக மொழிபெயர்த்தேன்: "பாதிக் காயில்தான் கட்டியிருக்கேன். அவியகிட்ட கேளுங்க, குடுத்தா முடிச்சுக் குடுத்திருதேன்."

நடுவர் சிரித்தபடி வேலுச்சாமியைப் பார்த்தார். "அவன்தான்யா கட்டணும். வேற எவன் தொட்டாலும் கைய ஒடிப்பேன்" என்றார் வேலுச்சாமி.

வெளியே வராந்தாவில் நான் கண்ட ஆரவாரத்தை எந்தத் திருவிழாவிலும் கண்டதில்லை. கைகள், கைகள், எங்கே பார்த்தாலும் கைகள். ஒரு பேச்சுச் சத்தம் கிடையாது. வக்கீல்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு குமாஸ்தா என் பக்கத்தில் வந்து, "எந்த ஸ்கூல் சார் இவங்கள்லாம்?" என்று கேட்டார். நெஞ்சு நிமிர்ந்து பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். மூடிவிட்டார்கள் என்பதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் கழித்து வேலுச்சாமி எங்கள் எல்லோரையும் சோழபுரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். கிணற்றடியில் மோட்டாரை இறுக்கி மாட்டிவிட்டுச் சங்கரபாண்டி சுவிட்சைப் போட்டான். மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாய் ஒரு தடவை செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. பெரிய டீச்சர் கஞ்சிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நின்றார்.

வேலுச்சாமி மட்டும் நெற்றியைச் சுருக்கியபடி மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "சார், பழைய சத்தம் மாதிரி இல்லையே. சத்தம் சரியா இருக்கான்னு அவன்கிட்ட கேளுங்க" என்றார்.

கேட்ட பிறகுதான், யாரிடம் என்ன கேட்கச் சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கையைத் தூக்குவதற்குள் சங்கரபாண்டி அவர் முகத்தைப் படித்துவிட்டான். அவர் வாய் மூடுகிறவரை பார்த்திருந்து, அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, ஓடுகிற மோட்டாரின் முதுகில் விரித்து வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினான்.

வேலுச்சாமி கையை எடுக்காமல் அந்த அதிர்வு சீராக ஓடுகிறதா என்று பார்த்தார். நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது. "அட, ஆமாடா" என்றார், அவனைப் பார்த்து, நேராக, என்னைக் கேட்காமலே.